உப்பு, தேவையான அளவு: கல்லூரி மாணவர்களுக்குச் சமையல் வகுப்பு தொடங்குகிறவர்களுக்கு

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அரைக் கிலோ கத்திரிக்காய், பத்துச் சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி என்று கணக்காகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். கடைசி வரியில் "உப்பு தேவையான அளவு" என்று கைகழுவிவிடுவார்கள். இருபது வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு அது போதும். பெட்டியோடு முதல்முறையாக வெளியூருக்கு வந்து இறங்கிய பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்பதுதானே கேள்வியே!

சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு நடந்துபோகும் தொலைவில் எங்கள் வீடு. மாடியில் மூன்று அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒருநாள் இரவு பத்தரை மணிக்குக் கருகல் வாடை மாடிப்படி வழியாக இறங்கிவந்தது. ஏறிப்போய்ப் பார்த்தால், மின்சாரக் கெட்டிலில் சோறு ஆக்கப் பார்த்திருக்கிறான் ஒரு பையன். கெட்டிலும் போயிற்று, அரிசியும் போயிற்று. "வீடியோவில் சரியாக வந்ததே, ஆன்ட்டி" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொல்லைப்புறக் கொட்டகையில் வகுப்பு தொடங்கியது. இதுவரை ஐந்து குழுக்கள் வந்துபோயிருக்கின்றன. நான் கேட்டரிங் படித்தவள் அல்லள். முதல் குழுவைப் பாழாக்கிய பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் குழுவுக்கு வெஜிடபிள் பிரியாணி, பனீர் மசாலா, குலாப் ஜாமூன் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நான் செய்தேன், அவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். மறுவாரம் எல்லோரும் பழையபடி பரோட்டாக் கடையில் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடத் தனியாக ஒரு டம்ளர் அரிசியைச் சோறாக்கத் தெரியவில்லை. நான் நடத்தியது வகுப்பு அல்ல, விருந்து. பலகாரம் எதுவும் வேண்டாம், உப்பும் நீரும் தீயும் எவ்வளவு என்று கைக்குப் புரிந்தால் போதும் என்று இரண்டாவது குழுவிலிருந்து பாடத்தை மாற்றினேன்.

வகுப்புக்கு முன்: அவர்கள் அறையைப் பாருங்கள்

உங்கள் வீட்டு மூன்று பர்னர் அடுப்பில் கற்றுக்கொடுத்தால் அவர்கள் அறைக்குப் போனதும் எல்லாம் மறந்துபோகும். எனவே சேர வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியவை இவைதான். என்ன அடுப்பு இருக்கிறது? எத்தனை பாத்திரம்? குளிர்சாதனப் பெட்டி உண்டா? குழாயில் வருவது என்ன தண்ணீர்? என்ன சாப்பிட மாட்டார்கள்? கடைசிக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்காமல் தனித்தனியே கேளுங்கள். முட்டை தொடாதவர், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர், ஹலால் இறைச்சி மட்டும் உண்பவர், வேர்க்கடலை ஒவ்வாதவர் என்று எல்லோரும் ஒரே வாடகை வீட்டில் இருப்பார்கள். முட்டைக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி ஒதுக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

விடுதியில் தங்கியிருப்பவர்கள் தனி வகை. பெரும்பாலான விடுதிகளில் அறைக்குள் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. அந்த விதியை மீறுவதற்கு நாம் வழி சொல்லிக்கொடுக்கக் கூடாது. நீங்கள் நடத்தும் இடத்தில் வந்து கற்றுக்கொள்ளட்டும், அறையில் அவல், தயிர், பழம் என்று தீ இல்லாமல் ஆவதைச் செய்துகொள்ளட்டும்.

வாடகை அறைக்காரர்களில் பலர் இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பார்கள். இரண்டு விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாத அலுமினியச் சட்டியையும் சாதாரணக் குக்கரையும் வைத்துவிட்டு "அடுப்பு பழுது" என்பார்கள். இரண்டாவது, 1800 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். மின்விசிறிக்கும் போனுக்கும் வைத்த 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் பிளக் இளகும், ஒயர் சுடும். 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். 1500 வாட் கெட்டிலுக்கும் இதே கணக்குதான். என் மாடியில் நடந்ததற்கு அரிசி மட்டும் காரணமல்ல என்று பிறகு எலக்ட்ரீஷியன் சொன்னார்.

எரிவாயு வேண்டுமென்றால் எண்ணெய் நிறுவனங்களே விற்கும் 5 கிலோ சிலிண்டர் மாணவர்களுக்கு ஏற்றது. இண்டேன் அதற்குச் சோட்டு என்று பெயர் வைத்திருக்கிறது. முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம். தெருவோரக் கடைகளில் முத்திரை இல்லாத குட்டிச் சிலிண்டரில் வாயு அடைத்துக் கொடுப்பார்கள். மலிவு என்று அதன் பக்கம் போக வேண்டாம்.

பாத்திரக் கணக்கு: இருவருக்கு மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அதற்குள் வைக்க இரண்டு பாத்திரம், ஒரு வாணலி, ஒரு தாளிப்புக் கரண்டி, மூடியுள்ள சட்டி ஒன்று, கத்தி, வெட்டுப் பலகை, 200 மில்லி டம்ளர் ஒன்று, 5 மில்லி டீஸ்பூன் ஒன்று. கடைசி இரண்டும் இல்லாமல் வகுப்பைத் தொடங்காதீர்கள். ஆழாக்கும் கைப்பிடியும் வீட்டுக்கு வீடு மாறும். முதல் மாதத்துக்காவது எல்லோருக்கும் ஒரே டம்ளர் வேண்டும்.

எத்தனை பேர்? ஆறிலிருந்து எட்டு. ஓர் அடுப்புக்கு இருவர். பத்து பேரைச் சேர்த்தால் நான்கு பேர் சமைப்பார்கள், ஆறு பேர் கதை பேசுவார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. பொருள் செலவைச் சமமாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே நோட்டில்தான் குறிப்புகளும். அந்த நோட்டில் "தேவையான அளவு" என்று யாரும் எழுதக் கூடாது என்பது எங்கள் கொட்டகைச் சட்டம்.

வேலை பிரிக்கும்போது கவனம் வேண்டும். சும்மா விட்டால் பெண்பிள்ளைகள் தாங்களாகவே கத்தியை எடுப்பார்கள், பையன்கள் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குக் கிளம்புவார்கள். "உனக்குத்தான் தெரியுமே" என்று ஒரு பெண்ணிடம் சொல்வார்கள். அவளுக்கும் தெரியாது, சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பாள். நான் சீட்டுக் குலுக்கிப் போடுகிறேன்: நறுக்க, அடுப்பு, கழுவ, துடைக்க. கழுவும் சீட்டு வந்தவர் வேறொருவரிடம் மாற்றிக்கொள்ள அனுமதி இல்லை. அடிப்பிடித்த வாணலியைத் தானே தேய்த்தவன் அடுத்த முறை தீயைக் குறைத்து வைப்பான். நான் சொல்லிப் புரியவைப்பதைவிட அது வேகமாக வேலை செய்கிறது.

முதல் ஞாயிறு: தீ, கத்தி, உப்பு

முதலில் எரிவாயு. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சியால் சோதிப்பவரை வகுப்பை விட்டே அனுப்பிவிடலாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வர வேண்டும். விளக்குச் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணை அழைக்கலாம். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும். கை சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். இதையெல்லாம் சொல்வதோடு நிறுத்தாமல் ஒவ்வொருவரையும் ரெகுலேட்டரை ஒருமுறை மூடித் திறக்க வையுங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்று அவசரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

கத்தி அடுத்தது. நம் வீடுகளில் அரிவாள்மனையில் நறுக்கிப் பார்த்த பிள்ளைகளுக்குப் பலகையில் நறுக்கக் கை வராது. பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நழுவாது. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கணுக்கள் கத்தியைத் தொடுவதுபோல் வைக்க வேண்டும். உருண்டு ஓடும் காயை முதலில் இரண்டாகப் பிளந்து தட்டைப்பக்கம் கீழே வைத்து நறுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு வெங்காயம், ஒரு வெள்ளரிக்காய். அன்றைய தயிர்ப் பச்சடிக்கு ஆயிற்று. முதல்நாள் துண்டுகள் ஒழுங்காக இராது. பரவாயில்லை.

அதன்பிறகு உப்பு. முதல்நாளின் முக்கியப் பாடம் இதுதான், அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வெந்து கடைந்த பருப்பை உப்பில்லாமல் நீர்க்கக் கரைத்து, மூன்று கிண்ணத்தில் ஒவ்வொரு டம்ளர் ஊற்றிவையுங்கள். முதல் கிண்ணத்தில் ஒரு சிட்டிகைத் தூள் உப்பு, இரண்டாவதில் கால் டீஸ்பூன், மூன்றாவதில் அரை டீஸ்பூன். எது எது என்று சொல்லாமல் ருசி பார்க்கச் சொல்லுங்கள். முதல் கிண்ணத்தைச் சப்பென்று இருப்பதாகச் சொல்வார்கள், மூன்றாவதில் முகம் சுளிப்பார்கள், நடுக்கிண்ணத்தில் "இது எங்கள் வீட்டுப் பருப்பு மாதிரி இருக்கிறது" என்பார்கள். ஒரு டம்ளர் நீர்ப்பொருளுக்குக் கால் டீஸ்பூன், ஒரு லிட்டருக்கு ஒன்றேகால் டீஸ்பூன். புளி சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். இந்தக் கணக்கை அன்றைக்கே நோட்டில் எழுதிவிட வேண்டும். கல் உப்புக்காரர்கள் இதே சோதனையைக் கல் உப்பில் செய்து தங்கள் அளவைக் கண்டுகொள்ளட்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் கைக்கணக்கு படியாது.

ருசி பார்ப்பதற்கும் முறை உண்டு. கொதிக்கக் கொதிக்க நாக்கில் விட்டால் சூடுதான் தெரியும். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, ஆறியபின் நக்க வேண்டும். வற்றப் போகிற பண்டத்தில் ஆரம்பத்திலேயே முழு உப்பையும் போடக் கூடாது, நீர் குறையும்போது உப்பு மட்டும் அங்கேயே இருக்கும். கூடிப்போன உப்புக்கு உருளைக்கிழங்கு போட்டால் சரியாகிவிடும் என்று எல்லோர் வீட்டிலும் சொல்வார்கள். கிழங்கு உப்புநீரைக் கொஞ்சம் குடிக்கும், மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத பருப்போ தண்ணீரோ சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி. மூன்றாவது கிண்ணத்தை முதல் கிண்ணத்தோடு கலக்கச் சொன்னால் இது சொல்லாமலே விளங்கும். கலந்த பருப்பில் நெய் விட்டு, நீங்கள் ஆக்கிவைத்த சோற்றில் பிசைந்தால் அன்றைய சாப்பாடு.

இரண்டாவது ஞாயிறு: சோறும் பருப்பும்

குக்கரைக் கழற்றி மாட்டுவதிலிருந்து தொடங்குங்கள். காஸ்கெட், வெயிட், சேஃப்டி வால்வு மூன்றையும் தொட்டுப் பார்க்கட்டும். வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். முன்தினப் பருப்பு நுரை காய்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பென்றால் பாதிதான். ஆவி அடங்காமல் மூடியை வலிந்து திறக்கக் கூடாது. பயப்படுகிற பிள்ளைக்குச் செயல்முறையைச் சொன்னால் பயம் தெளியும்: அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு ஏறுகிறது, அதனால் சீக்கிரம் வேகிறது, அவ்வளவுதான். பொறியியல் மாணவர்கள் இதைக் கேட்டதும் திடீரென்று சமையலை மதிக்கத் தொடங்குவார்கள்.

பொன்னிப் புழுங்கல் அரிசி ஒரு டம்ளர் இரண்டு பேருக்குக் காணும். இருமுறை களைந்து, அரைமணி நேரம் ஊறவைத்து, மூன்று டம்ளர் தண்ணீர், நடுத்தரத் தீயில் நான்கைந்து விசில். பச்சரிசிக்கு இரண்டரை டம்ளரும் மூன்று விசிலும். இது தொடக்கக் கணக்குதான். பழைய அரிசி அதிக நீர் குடிக்கும், புது அரிசி குழையும். எனவே மூன்று ஜோடிகளுக்கும் ஒரே பச்சரிசியைக் கொடுத்து இரண்டு, இரண்டரை, மூன்று டம்ளர் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். விதை, பதம், குழைவு மூன்றையும் விரலால் நசுக்கிப் பார்க்கட்டும். அரிசி மூட்டை மாறும்போதெல்லாம் முதல்நாள் குறைத்துவைத்துப் பார்க்க வேண்டும் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்வார்கள். விதையாகப் போன சோற்றைத் தண்ணீர் தெளித்து இன்னொரு விசில் விட்டுக் காப்பாற்றலாம். குழைந்ததைத் தயிர்சாதம் என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

விசிலை எண்ணுவது நம் ஊர் வழக்கம். பெரிய தீயில் ஐந்து விசில் ஆறு நிமிடத்தில் வந்துவிடும், சிறிய தீயில் இருபது நிமிடமாகும். அவர்கள் அடுப்பில் எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் கூடவே எழுதச் சொல்லுங்கள். குக்கர் இல்லாதவருக்கு வடித்த சோறு. நிறையத் தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட்டு, ஒரு பருக்கையை நசுக்கி உள்ளே வெள்ளைப் புள்ளி இல்லை என்றால் வடிக்க வேண்டும். கஞ்சி வடிக்கும்போது முகத்தைத் தள்ளி வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

துவரம் பருப்பு அரை டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய். அதே குக்கரில் அரிசிப் பாத்திரத்துக்குக் கீழே வைத்தால் ஒரே அடுப்பில் இரண்டும் ஆயிற்று. "பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது" என்ற புகார் ஒவ்வொரு குழுவிலும் வரும். பருப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் இருக்கும் கால்சியம் பருப்பை இளகவிடாது, புளியும் தக்காளியும் முன்னால் சேர்ந்தாலும் அப்படியே. ஊறவைத்து, குடிநீரில் வேகவைத்து, புளிப்பைக் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீரைப் பற்றி முன்பு கேட்டது இதற்காகத்தான். ராஜ்மா வாங்கிவருகிறவர் யாராவது இருந்தால், இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவிலுள்ள நச்சு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும்.

மூன்றாவது ஞாயிறு: தாளிப்பு

என்னைக் கேட்டால் நம் சமையலின் பாதி தாளிப்புக் கரண்டியில்தான் இருக்கிறது. மாணவர்கள் கருக்குவதும் அங்கேதான்.

அடுப்பில் ஈரமில்லாத கரண்டி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய். எண்ணெய் காய்ந்ததா என்று அறிய ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது வெடித்தால் மிச்சத்தைப் போடலாம். கடுகு படபடவென்று வெடித்து ஓயும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பத்து நொடிப் பொறுமைதான் யாரிடமும் இருப்பதில்லை. வெடிக்காத கடுகு கசக்கும். ஓய்ந்ததும் தீயைக் குறைத்து உளுத்தம் பருப்பு, அது பொன்னிறமாகத் திரும்பும்போதே மிளகாய் வற்றல், பெருங்காயம், கடைசியாகத் துடைத்த கறிவேப்பிலை. ஈரத்தோடு போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். அடுப்பை அணைத்த பிறகும் கரண்டிச் சூட்டில் உளுந்து சிவந்துகொண்டே போகும், ஆகவே உடனே குழம்பில் கொட்டிவிட வேண்டும்.

ஆளுக்கு மூன்று முறை வெறுமனே தாளித்துப் பார்க்க விடுங்கள். கடுகும் உளுந்தும் கொஞ்சம் வீணாகும், வீணாகட்டும். ஒரு தாளிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். கடுகு ஓய்வது காதுக்குத் தெரியும், உளுந்து சிவப்பது மூக்குக்குத் தெரியும். நேரம் பார்த்துச் சமைக்கும் பிள்ளை அன்றைக்குத்தான் அடுப்பைக் கவனிக்கத் தொடங்கும்.

தாளிப்பு வந்துவிட்டால் ரசமும் சாம்பாரும் தொலைவில் இல்லை. குறிப்புகளில் வரும் "எலுமிச்சை அளவு புளி", "நெல்லிக்காய் அளவு புளி" இரண்டையும் உண்மையான எலுமிச்சம்பழத்துக்கும் நெல்லிக்காய்க்கும் பக்கத்தில் உருட்டிவைத்துக் காட்டுங்கள். நான்கு பேர் ரசத்துக்கு நெல்லிக்காய் போதும். ரசத்தில் ஒரே விதி: புளியின் பச்சை வாடை போகக் கொதிக்கட்டும், பருப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகு நுரை கட்டி எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். சாம்பாரில் காய் முக்கால்பங்கு வெந்த பிறகுதான் புளித்தண்ணீர். முன்னால் ஊற்றினால் முருங்கைக்காய் மணிக்கணக்கில் விறைத்துக்கொண்டு நிற்கும். வெண்டைக்காய்க்கு மட்டும் விலக்கு. அதை வதக்கிப் புளியில் போட்டால் கொழகொழப்பு அடங்கும்.

நான்காவது ஞாயிறு: காயும் முட்டையும்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். பீன்ஸ், கேரட், முட்டைகோஸ் மூன்றையும் ஒரே அளவில் நறுக்கி, கை தெளிக்கும் தண்ணீரில் மூடிவேகவைத்துப் பொரியல். கீரையை மூடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் நிற்கும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அவித்த முட்டை, ஆம்லெட், வெங்காயம் தக்காளி வதக்கிய பொரியல். கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் வைத்தால் மஞ்சள் கரு கெட்டிப்படும். இன்று வாங்கிய புத்தம்புது முட்டையின் ஓடு உரியாமல் பிய்ந்தால் அவர்கள் கைமேல் தவறில்லை என்று சொல்லுங்கள்.

ஐந்தாவது ஞாயிறு: சந்தையும் கொத்சும்

அன்றைக்குக் கொட்டகையில் கூடாமல் காலை ஏழு மணிக்குச் சந்தையில் கூடுங்கள். உங்கள் ஊரில் உழவர் சந்தை இருந்தால் இன்னும் நல்லது. மதுரையில் 1999இல் முதல் சந்தை திறந்ததிலிருந்து விலையைப் பலகையில் எழுதிவைப்பது அங்கே வழக்கம், பேரம் பேசத் தெரியாத பிள்ளைகளுக்கு அது வசதி. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது, கத்திரிக்காயின் காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பது, கால் கிலோ என்றால் எத்தனை தக்காளி என்று கையால் தூக்கிச் சொல்வது. மூன்று நாளுக்குமேல் வாங்க வேண்டாம். அறையில் வாடிப்போகிற கொத்தமல்லிக் கட்டுதான் மாணவர்களின் பெரிய செலவு.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு கொத்சு தெரியாமல் யாரும் பட்டம் வாங்கிப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம். நடராஜர் கோயில் சம்பா சாதத்துக்குத் துணையாக வருவது இந்தக் கத்திரிக்காய்க் கொத்சுதான். எட்டு கத்திரிக்காய், நெல்லிக்காய் அளவு புளி, வறுத்து அரைக்க இரண்டு டீஸ்பூன் தனியா, ஒரு டீஸ்பூன் கடலைப்பருப்பு, நான்கு மிளகாய் வற்றல். கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, பொடியைச் சேர்த்து, சேர்ந்து வந்ததும் தாளித்து இறக்க வேண்டும். வறுப்பது, வதக்குவது, புளி, உப்பு, தாளிப்பு என்று நான்கு வாரப் பாடமும் இதற்குள் வந்துவிடும். தொட்டுக்கொள்ள இட்லி கடையில் வாங்கிக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் "மீன் எப்போது, ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். அது அடுத்த பருவத்துக்கு.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மிச்சத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையில் தேங்காய் சேர்ந்தது முதலில் கெடும், அன்றைக்கே முடிக்க வேண்டும். குழம்பை இரவு மறுபடி கொதிக்கவைத்து, கரண்டி விடாமல் மூடிவைக்கலாம். பலர் அசட்டையாக இருப்பது சோற்றில்தான். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கும். மதியச் சோறு வெதுவெதுப்பாகவே இரவுவரை கிடந்தால் அது பெருகி நச்சை உண்டாக்கும், மறுபடி சுடவைத்தாலும் அந்த நச்சு போகாது. ஆகவே அளந்து ஆக்க வேண்டும். மிஞ்சினால் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஆறிய உடனே தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் மோர் விட்டுச் சாப்பிட்டுவிட வேண்டும். மதியத்துக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

ஆறாவது ஞாயிறு: நீங்கள் பேசக் கூடாது

தேர்வு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு டம்ளர் அரிசி, ஒரு பிடி பருப்பு, இரண்டு காய், புளி, தக்காளி, தாளிப்புச் சாமான். அடுப்பு குறைவென்றால் இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றேகால் மணி நேரத்தில் சோறும், ஒரு குழம்போ ரசமோ, ஒரு பொரியலும் ஆக வேண்டும், பாத்திரம் கழுவி முடித்திருக்க வேண்டும். குறிப்பு நோட்டைப் பார்க்கலாம், போனைப் பார்க்கக் கூடாது.

உங்களுக்கு அன்றைக்கு ஒரே வேலை, வாயை மூடிக்கொண்டிருப்பது. கடுகு வெடிக்குமுன் உளுந்தைப் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத் தெரியும். நான் திண்ணையில் போய் உட்கார்ந்து பூத்தொடுக்கிறேன். தீ விபத்துக்கு வழியிருந்தால் மட்டும் எழுந்திருப்பேன். கெட்டில் பையன் இரண்டாவது குழுவில் மறுபடி சேர்ந்து இந்தத் தேர்வை எழுதினான். ரசத்தை உள்ளங்கையில் விட்டு, ஊதி, நக்கி, கால் டீஸ்பூன் எடுத்து அதிலும் பாதியைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு மிச்சத்தைப் போட்டான். நான் திரும்பிக்கொண்டேன். ரசம் சரியாகத்தான் இருந்தது, பொரியல்தான் கொஞ்சம் தீய்ந்திருந்தது.

மதிப்பெண் போட வேண்டாம். ஒருவர் சமைத்ததை மற்றொருவர் சாப்பிட வேண்டும், அது போதும். சாப்பிட முடியாதபடி ஆகிவிட்டவர் அடுத்த ஞாயிறு தனியாக வந்து மறுபடி செய்யலாம். அரிசி மட்டும் அவரே கொண்டுவர வேண்டும்.